நோஸியா என்ற சொல் கரையேறிய கதை

அன்று காலை நடுக்கடலில் என்ஜினை நிறுத்தச் சொன்னது நான்தான்.

டொல்பின் பார்க்கும் காலம் முடியப்போகிற நேரம். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இன்னும் எழும்பவில்லை. ஆனால், வரப்போகிறேன் என்று முன்கூட்டியே ஆள் அனுப்பியதுபோல, நீளநீளமான அலைகள் சத்தமில்லாமல் வந்து போட்டின் அடியில் புகுந்து போய்க்கொண்டிருந்தன. கற்பிட்டிக் கரை ஒரு பச்சைக் கோடாகச் சுருங்கியிருந்தது. பின்னால் என்ஜினைப் பிடித்தபடி என் கணவர் சேவியர். நடுவில் வெள்ளைக்காரர்கள் ஆறு பேர். முன்னால், அவர்களைப் பார்த்தபடி நான். போட்டை ஓட்டுவது அவர், கதைப்பது நான். அதுதான் எங்கள் தொழில்.

வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா என் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னார். என்ஜின் இரைச்சலில் அரைவாசிதான் காதில் விழுந்தது. "ஐ ஃபீல்" என்பது கேட்டது. அதற்கு அடுத்த சொல் "நொய்ஸி" மாதிரி இருந்தது.

பாவம், வயதானவர், இரைச்சல் தாங்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"இஞ்ச பாருங்க, என்ஜின நிப்பாட்டுங்க. அம்மாவுக்குச் சத்தமாம்," என்று சேவியரிடம் கத்தினேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஓடுகிற போட் அலையை வெட்டிக்கொண்டு போகும். நின்றுவிட்ட போட்டையோ அலை தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். ஆனாலும் பயணிகளோடு கதைக்கிறவள் நான் என்பதால், மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்.

போட் மெதுவாகத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. பெற்றோல் வாடை எழும்பியது. முதலில் அந்த அம்மா போட்டின் ஓரத்துக்குக் குனிந்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர். அவரைப் பார்த்து எதிரில் இருந்த இளம் சோடி. கொஞ்ச நேரத்தில் ஆறு பேரும் இரண்டு பக்கமும் குனிந்திருந்தார்கள். டொல்பின் எந்தப் பக்கம் வந்ததென்று ஒருவரும் பார்க்கவில்லை. சேவியர் வாய் திறக்காமல் தண்ணீர்ப் போத்தல்களை நீட்டிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும், அந்த ஆறு பேரில் ஒருத்தியான அம்மாவின் மகள் என்னிடம் கேட்டாள்: "அம்மா உங்களிடம் சொன்னாரே, பிறகேன் போட்டை நிறுத்தினீர்கள்?"

அவர் என்ன சொன்னார் என்பதே எனக்குத் தெரியாதே!

வாந்திக்கு எங்கள் பக்கத்தில் சத்தி என்று பெயர். வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டுதான் சேவியர் வாயைத் திறந்தார்.

"இந்தக் கரையில எத்தின கைட் இருக்கிறாங்க. சத்தத்துக்கும் சத்திக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் நீ மட்டுந்தான்."

கார்ட்டூன் இங்கிலீஷ்

நீங்கள் எங்கே இங்கிலீஷ் படித்தீர்கள் என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் கொஞ்சம். மிச்சமெல்லாம் குவைத்தில், ஒரு வீட்டில் பிள்ளை பார்த்த காலத்தில்.

அந்தப் பிள்ளை பேசப் பழகியபோது நானும் கூடவே பழகினேன். இரண்டு பேருக்கும் ஒரே வாத்தியார், டீவியில் ஓடிய கார்ட்டூன். அதனால் இன்றைக்கும் என் இங்கிலீஷில் மிருகங்களின் பெயர்கள் தாராளமாக இருக்கும், வருத்தங்களின் பெயர்கள் இருக்காது. ஒட்டகச்சிவிங்கி தெரியும். நோஸியா தெரியாது.

திரும்பி வந்த காலத்தில் எங்கள் கரையில் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. எங்கள் ஆட்கள் ஓங்கில் என்று சொல்லி வலையை விலக்கிக்கொண்டு போகிற டொல்பினை, உலகமெல்லாமிருந்து வந்து பார்க்கிறார்கள் என்றால் முதலில் ஒருவரும் நம்பவில்லை. போட் ஓட்டத் தெரிந்த ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பயணிகளோடு கதைக்கத்தான் ஆளில்லை. நான் வருகிறேன் என்றேன்.

"சேவியர் பொஞ்சாதியக் கடலுக்குக் கொண்டுபோறான்," என்று கரையில் நின்று சிலர் கதைத்தார்கள். கையில் ஒரு பையோடு தனியாக விமானம் ஏறிப்போய், பாலைவனத்தில் உழைத்துத் திரும்பியவளுக்கு, கரையில் நிற்கிற நாலு பேருடைய கதை ஒரு பொருட்டா? லைஃப் ஜாக்கட்டைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். வெளிநாட்டுப் பெண்கள் எங்கள் போட்டைத் தேடி வரத் தொடங்கினார்கள்.

ஆகவே, ஒரு சொல்லால் விழுந்த அடியை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

பாமசியில் ஒரு பாடம்

மறுநாளே டவுனுக்குப் போனேன். அங்கே பாமசி வைத்திருக்கிற ரிஸ்வானாவும் நானும் நெடுநாள் சிநேகிதிகள்.

"கடல் ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்குக் குடுக்கிற குளிசை இருக்கா ரிஸ்வானா?" என்று கேட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

கவுண்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருந்து வாங்க நின்ற இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

"யா அல்லாஹ், அக்கா! அது நொய்ஸ் இல்ல, நோஸியா," என்று மாத்திரைப் பெட்டியைத் திருப்பி எழுத்தைக் காட்டினாள். "சத்தி வாறதுக்கு முந்தி வயிறு பொரட்டி ஓங்காளம் வருமே, அது."

"கடல்ல போனா வாறதா?"

"கடல்லயும் வரும். பஸ்ஸிலயும் வரும். புள்ள உண்டானாலும் வரும். சாப்பாடு பிழைச்சாலும் வரும். எதுக்கு வந்தாலும் பேர் அதுதான். அதால எல்லாருக்கும் குளிசைய அள்ளிக் குடுக்க வேணாம். என்ன செய்யுது, ஏது செய்யுது எண்டு கேட்டுட்டுக் குடுங்க."

எழுத்தைக் கையில் குறித்துக்கொண்டு வந்தேன். பின்னேரம் வேலை எல்லாம் முடிந்த பிறகு போனை எடுத்து, அந்தச் சொல் எங்கேயிருந்து வந்ததென்று தேடினேன். கருத்து மட்டும் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். என்னை ஆறு பேர் முன்னால் தலைகுனிய வைத்த சொல். அதன் ஊர், பேர், தாய், தகப்பன் எல்லாம் தெரிய வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

நவுஸும் நெவவும்

சேவியர் முற்றத்தில் என்ஜினின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கப்பலுக்குச் சிங்களத்தில என்ன சொல்லுறது?" என்றேன்.

"நெவ. ஏன், தெரியாதா?"

"கிரேக்க பாஷையில நவுஸாம்."

"சரி, அதுக்கு?"

"அந்த நவுஸில இருந்துதான் நோஸியா. கப்பல்ல போறவனுக்கு வாற வருத்தம். அதுதான் சொல்லின்ட பொருளே."

கையை நிறுத்திவிட்டு யோசித்தார். நெவவும் நவுஸும் ஒரே பழைய வேரிலிருந்து பிரிந்தவை என்று போனில் இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகத்தில் வந்த நாவாயும் அந்தக் கூட்டத்தில் சேருமா என்பதைப் படித்தவர்கள் சண்டை பிடித்து முடிவெடுக்கட்டும். எனக்கு அந்த நேரத்தில் முக்கியமாகப் பட்டது வேறொன்று.

"இன்னும் ஒண்டு இருக்கு. நொய்ஸ் எண்ட சொல்லும் இந்த நோஸியாவில இருந்துதான் வந்திருக்கும் எண்டு எழுதியிருக்கு."

"சத்தம் எப்பிடியடி சத்தியில இருந்து வரும்?"

கடல் மயக்கம் என்பது முதலில் பொதுவான அவதி என்றாகி, அவதி பிரெஞ்சுக்காரர்களிடம் போய்ச் சண்டை சச்சரவாகி, சண்டை கடைசியில் இரைச்சலாகி விட்டதாம். இதற்கு வேறு விளக்கம் சொல்கிறவர்களும் உண்டாம். ஆனால் ஒரு போட்டில் ஆறு பேர் சேர்ந்து சத்தி எடுத்ததைக் காதால் கேட்ட எனக்கு இந்த விளக்கமே போதுமாக இருந்தது.

"அப்ப நீ பிழையாக் கேக்கல்ல எண்டு சொல்ல வாறியா?" என்றார் சேவியர்.

"சரியாத்தான் கேட்டேன். கொஞ்ச நூறு வருசம் பிந்திக் கேட்டுட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் பிளக் மண்ணில் விழுந்தது.

அடுத்த சீசன் முழுவதும் இதுதான் என் சரக்கு. டொல்பின் வரப் பிந்தினால் எடுத்துவிடுவேன். யாராவது முகம் வெளுத்து, "நோஸியஸ்" என்று சொல்லத் தொடங்கினாலோ கேட்கவே வேண்டாம். கப்பல், கிரேக்கம், சிங்களம், என்ஜினை நிறுத்திய கதை என்று வரிசையாகச் சொல்வேன். சிரிக்கிறவர்களுக்குச் சத்தி குறையும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரம்மா, நீங்கள் எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தீர்கள் என்றுகூடக் கேட்டார். நானும் மறுக்கவில்லை. கடலைக் காட்டினேன்.

கண்ணாடி மாதிரிக் கடல்

அதே சீசனில்தான் ஹெலன் வந்தார். அறுபது கடந்தவர், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கூடவே கணவர் பீட்டர், ஒல்லியான, கதை குறைந்த மனிதர். அவர்களோடு அன்று போட்டில் கொழும்பிலிருந்து வந்த ஓர் இளம் தம்பதி.

ஏறும்போதே ஹெலன் தன் கதையைச் சொல்லிவிட்டார். குளிர் நாட்டில் ஒரு தீவில் பிறந்து, பள்ளிக்கூடத்துக்கே படகில் போய் வந்தவராம். "என் வயிறு உப்புத்தண்ணீரில் செய்தது," என்றார். குளிசையும் வேண்டாம் என்றுவிட்டார்.

கடல் அன்று கண்ணாடி. காற்றென்பதே இல்லை. நாங்கள் டொல்பின் கூட்டத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருந்தது. பாதி வழியில் ஹெலனுடைய கதை நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை.

"கொஞ்சம் நோஸியஸாக இருக்கிறது," என்றார், தானே வெட்கப்பட்டவர் மாதிரி.

விடுவேனா? "அந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது, தெரியுமா?" என்று தொடங்கிவிட்டேன். கொழும்புத் தம்பி ஆவலாக முன்னால் நகர்ந்தார். பீட்டர் புன்னகைத்தார். நவுஸில் தொடங்கி நெவவுக்கு வந்தேன். அந்த நேரம் பார்த்து சேவியர் கையை நீட்டிக் காட்டினார். நூற்றுக்கணக்கான முதுகுகள். ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பி, பம்பரம் மாதிரிச் சுற்றி விழுந்தது. பின்னால் இன்னொன்று.

எல்லாரும் எழும்பிக் கத்தினார்கள். ஹெலன் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறாத காலையில் அவருடைய நெற்றியிலும் மேலுதட்டிலும் வேர்வை முத்து முத்தாக நின்றது. கையைத் தொட்டேன். ஐஸ்.

அந்த வேர்வையை எனக்குத் தெரியும்.

அப்பா

என் அப்பா கடலில் ஒருநாளும் சத்தி எடுக்காத மனிதர். அவர் கடலில் போகாத நாட்களில்தான் அவருக்கு உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்வார்.

ஒருநாள் காலை, வலையை இழுத்துவிட்டுக் கரையேறியவர், "வயித்தப் பொரட்டுது," என்று மணலில் உட்கார்ந்தார். சத்தி எடுத்தார். முதுகையும் தாடையையும் மாறி மாறித் தடவினார். சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு. கடலிலேயே பிறந்தவனைக் கடல் பிடித்துவிட்டதாம். யாரோ இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் அவருடைய சேர்ட்டைக் கழற்றி முதுகைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் குளிர்ந்த வேர்வை ஊறிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். நெஞ்சு நோகிறது என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. பிறகு வந்த டொக்டர்தான், இருதயம் சில பேருக்கு வயிறு மாதிரி நடிக்கும் என்றார்.

அன்றைக்கு அங்கே நின்ற ஒருவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாது. ஆனால் ஹெலனின் கையைத் தொட்ட அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்தது.

"திருப்புங்க"

சொல்லிக்கொண்டிருந்த கதையை அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன்.

"இஞ்ச, போட்டத் திருப்புங்க. கரைக்கு விடுங்க."

"இப்பதானே ஜெசி, கூட்டமே வந்திருக்கு. இன்னுங் கொஞ்சம்..."

"திருப்புங்க!"

கொழும்புத் தம்பியின் முகம் மாறியது. விடியுமுன் எழும்பி இவ்வளவு தூரம் வந்தவர்கள். "என்ன அக்கா இது? அவங்களுக்குக் கடல் மயக்கம்தானே? கப்பல் வருத்தம் எண்டு நீங்களே இப்ப சொன்னீங்க," என்றார்.

பீட்டர், அவளுக்கு ஒன்றுமில்லை என்றார். ஹெலனே கையை ஆட்டி, எனக்காகத் திரும்பாதீர்கள், இவர்கள் பார்க்கட்டும் என்றார். போட்டில் இருந்த எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கொழும்புத் தம்பியின் பக்கம் திரும்பினேன்.

"தம்பி, அந்தச் சொல் கப்பல்ல பிறந்தது உண்மை. அதுக்காக இது கப்பலால வந்தது எண்டில்ல. கடலப் பாருங்க, ஆட்டமே இல்ல. இவங்க படகில வளந்தவங்க. இது நெஞ்சு."

சேவியர் ஹெலனின் முகத்தை ஒருதரம் பார்த்தார். அவரும் அன்று மணலில் நின்றவர்தான். அப்போது எங்களுக்குக் கலியாணம் பேசியிருந்தது. என்ஜினை முறுக்கினார். போட் திரும்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

ஹெலனை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். மூச்சு எப்படி இருக்கிறது, கை நோகிறதா, எங்கே நோகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். இடது கை பாரமாக இருக்கிறது என்றபோது பீட்டர் கண்களை மூடிக்கொண்டார். கரை கண்ணுக்குத் தெரிந்து போனுக்கு சிக்னல் வந்ததும் அம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

போட் மணலில் இடித்து நின்றபோது முதலில் தண்ணீரில் குதித்தது கொழும்புத் தம்பி. புதுச் சப்பாத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேவியரோடு சேர்ந்து ஹெலனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்புலன்ஸ் கதவு சாத்தும்வரை அவர் ஹெலனின் தலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவருடைய மனைவி தன் சால்வையால் ஹெலனின் காலைப் போர்த்திவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாங்கில்

கற்பிட்டியில் ஈசீஜி எடுத்தார்கள். கடதாசியைப் பார்த்த டொக்டர், உடனே புத்தளத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். நானும் பீட்டரும் அம்புலன்ஸிலேயே போனோம். பாலாவிச் சந்தியில் சீமெந்து லொறிகளும் உப்பு லொறிகளும் முட்டி மோதி நின்றன. சைரன் கேட்டு ஒவ்வொன்றாக ஒதுங்கியபோது, ஒவ்வொரு லொறிக்காரனுக்கும் மனதில் கும்பிடு போட்டேன்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் ஹெலனை உள்ளே எடுத்துவிட்டார்கள். வெளியே ஒரு நீள வாங்கில், மரப் பெஞ்சில், நானும் பீட்டரும். மத்தியானம் தாண்டித்தான் டொக்டர் வந்தார். இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு, மருந்து ஏற்றியிருக்கிறோம், பிடித்துவிட்டது, நேரத்துக்கு வந்தபடியால் தப்பினார் என்றார். பீட்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். டொக்டர் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான் கன்டீனில் பாணும் பருப்பும் வாங்கிவந்து கையில் கொடுத்தேன். ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு முதல் தடவையாகத் தானாகக் கதைத்தார்.

"இங்கே வருகிறவர்கள் எல்லாரும் ஒரு சொல்லைச் சொல்கிறார்கள். வருட்டம், வருட்டம் என்று. அது என்ன?"

கவனித்தேன். உண்மைதான். அந்த நடைபாதையில் ஆளுக்காள் கேட்பது, "என்ன வருத்தம்?" என்றுதான்.

"வருத்தம். நோய் என்று அர்த்தம்," என்றேன். சொன்ன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இவ்வளவு காலமும் நான் கவனிக்காத ஒன்று. "கவலை என்றும் அர்த்தம்."

"எது?"

"இரண்டும்தான்."

"இரண்டுக்கும் ஒரே சொல்லா?"

"ஓம். ஒரே சொல்."

அவர் அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு வேறு இரண்டே தமிழ்ச் சொற்கள் தெரியும். ஓம், இல்லை. ஹோட்டல் வாசலில் இளநீர் விற்கிறவரிடம் பழகியது.

பின்னேரம் அவரை உள்ளே விட்டார்கள். மொழிக்காக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஹெலன் வெளுத்துப்போய்த் தலையணையில் கிடந்தார். கண் திறந்திருந்தது. பீட்டர் குனிந்து, குழாய் பொருத்தாத கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வருட்டம் இல்ல," என்றார்.

ஹெலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்றாலும் சிரித்தார்.

பக்கத்துக் கட்டிலில் சேலைன் மாற்றிக்கொண்டிருந்த நேர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஆரு அக்கா அவருக்கு இதச் சொல்லிக் குடுத்த? வருத்தம் இருக்கு எண்டு சொல்லுங்க. டொக்டர் சொல்லும் மட்டும் கட்டில்ல இருந்து இறங்கவும் கூடாது."

அவள் என்ன சொல்கிறாள் என்று பீட்டர் என் முகத்தைப் பார்த்தார்.

அவள் சொன்னதில் பின்பாதியை மட்டும் நான் இங்கிலீஷில் சொன்னேன்.